கூண்டுக்குள் இரையா, தனி டப்பிலா?

வீட்டில் வளர்க்க பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்நேக் (corn snake) போன்ற பாம்பை வாங்கியவுடன் பலர் கேட்கும் அறிவுரை இது: "கூண்டுக்குள்ளேயே எலியைப் போட்டுப் பழக்காதே. அப்புறம் கதவைத் திறந்தாலே கையைக் கவ்வும்." அதனால் சாப்பாட்டு நாளில் பாம்பைத் தூக்கித் தனி பிளாஸ்டிக் டப்பில் விட்டு இரை கொடுப்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வளர்ந்த பால் பைத்தானுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் இரை. தண்ணீர் மாற்ற, எச்சம் அள்ள என்று கூண்டு அதைவிடப் பல மடங்கு திறக்கிறது. கதவு திறந்தால் சாப்பாடு என்று அது எப்படிப் பழகும்? இரை போட மட்டுமே திறப்பவர்களுக்கு வேண்டுமானால் அந்தத் தொல்லை வரலாம்.

டப் முறையின் உண்மையான சிக்கல் விழுங்கி முடித்த பிறகுதான். அப்போதும் பாம்பு வேட்டை வேகத்தில்தான் இருக்கும். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. வெதுவெதுப்பாக அசையும் உங்கள் கையும் அதற்கு இரைதான். அந்த நேரம் பார்த்துக் கையை உள்ளே விட்டுத் தூக்க வேண்டும். வயிறு நிறைந்த பாம்பை அசைத்தால் கக்கிவிடவும் கூடும். கக்கினால் இரைப்பை அமிலம் தொண்டைக் குழாயை அரிக்கும், பிறகு பத்து நாளுக்கு மேல் பட்டினி போட்டுத் தேற்ற வேண்டியிருக்கும். இரை எடுத்தபின் 48 மணி நேரம் தொடாதே என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி. டப்காரர்கள் ஒவ்வொரு முறையும் அதை மீறுகிறார்கள்! போதாததற்கு பால் பைத்தான் கூச்ச சுபாவம் கொண்டது. மறைவிடம் இல்லாத டப்பில் விட்டால் சுருண்டுகொண்டு எலியைத் திரும்பியும் பார்க்காது.

டப்பின் பக்கம் ஒரு நல்ல வாதம் உண்டு: கூண்டின் தரையில் பரப்பிய மரத்தூள் ஈரமான எலியில் ஒட்டி வயிற்றுக்குள் போகாது. ஆனால் உறைய வைத்திருந்த செத்த எலியை இளக்கித் துடைத்து, கூண்டுக்குள் ஒரு தட்டின் மேல் நீட்டினால் அதுவும் தீர்ந்தது. ஒன்றிரண்டு துணுக்கு உள்ளே போனாலும் பெரும்பாலும் எச்சத்தோடு வெளியேறிவிடும்.

எனவே என் ஓட்டு கூண்டுக்கே. நீளமான இடுக்கியில்தான் இரையைக் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் பாம்பை எடுக்கும் முன் பாம்பு தூக்கும் கொக்கியால் உடலில் மெல்லத் தொட்டால், இது சாப்பாட்டு நேரமில்லை என்று சீக்கிரம் பிடிபட்டுவிடும். உயிருள்ள எலி எந்த முறையிலும் வேண்டாம். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். (சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வளர்க்க யாரும் கிளம்பிவிடாதீர்கள், இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.)

டப் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. கார்ட்டர் (garter) என்னும் சிறு வகைப் பாம்புகளைச் சிலர் ஒரே கூண்டில் கூட்டமாக வளர்ப்பார்கள். ஒரே இரையின் இரு முனைகளை இரண்டு பாம்பு கவ்வினால், பெரியது சின்னதையும் சேர்த்தே விழுங்கப் பார்க்கும். அங்கே இரை நேரத்தில் ஆளுக்கொரு டப் கட்டாயம். கிங் ஸ்நேக்குக்கு அதுகூடப் போதாது. அது இயல்பிலேயே பாம்பைத் தின்னும் பாம்பு என்பதால் எப்போதும் தனிக் கூண்டுதான்.