கடலோர ஊர்களுக்கு ஒரு பகல்: கலிஃபோர்னியாவா, டுகாட்டோவா?

கேம்பர்வேன் (உள்ளேயே படுத்து, சமைக்க வசதியுள்ள வேன்) விடுமுறையில் கடலோரச் சிற்றூர்களைச் சுற்ற ஒரு பகலை ஒதுக்கினால், அன்றைக்கு மெத்தையும் அடுப்பும் பெரிய விஷயமில்லை. வண்டியின் உயரமும் அகலமும்தான் எல்லாம். அந்தக் கணக்கில் ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா (டி6.1 ஓஷன்) சுலபமாக ஜெயிக்கிறது. ஃபியட் டுகாட்டோவை வைத்துக் கட்டிய 6 மீட்டர் வேன்கள் ராத்திரிக்கு அருமை, பகலுக்குத் தொல்லை.

மேலே தூக்கித் திறக்கும், துணிச் சுவர் வைத்த கூரையை மூடினால் கலிஃபோர்னியாவின் உயரம் 1.99 மீட்டர். கடற்கரைப் பார்க்கிங் வாசலில் 2 மீட்டர் உயரத்தில் தடுப்புக் கம்பி இருந்தால், மயிரிழையில் நுழைந்துவிடும். மேலே சர்ஃப் பலகை கட்டியிருந்தால் அந்த வாய்ப்பும் போச்சு. டுகாட்டோ இரண்டரை மீட்டரைத் தாண்டுவதால் பேச்சே இல்லை. எந்த வண்டியானாலும் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவிடுங்கள். கூரையில் அடிபட்டால் பல வாடகைக் காப்பீடுகள் பணம் தராது.

சந்துகளிலும் இதே நிலைதான். டுகாட்டோவின் உடம்பு மட்டுமே 2.05 மீட்டர் அகலம், கலிஃபோர்னியா 1.90. இந்த 15 சென்டிமீட்டர் காகிதத்தில் அற்பம். இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே எதிரில் ஒரு டிராக்டர் வரும்போது அப்படித் தோன்றாது. டுகாட்டோ வைத்திருப்பவர்கள் ஊருக்கு மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்குவது நல்லது.

படகு இறக்கும் சாய்தளம் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே நிறுத்த வேண்டாம். வற்றிய கடல் ஏறி முடிக்க ஆறு மணி நேரம் சொச்சம்தான் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வழக்கத்தைவிட மேலே வரும். கீழ்ப்பகுதியில் பாசி வேறு. இரண்டு வண்டிகளுமே பொதுவாக முன்சக்கர இயக்கம் (கலிஃபோர்னியாவில் நான்கு சக்கர இயக்கமும் உண்டு). மேட்டில் நேராக ஏறினால் எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரங்கள் வழுக்கும். இறங்கியே தீர வேண்டுமென்றால் முன்பக்கமாக இறங்கி, ரிவர்ஸில் ஏறுங்கள். எடை முன்சக்கரத்தில் விழுந்து பிடிமானம் கிடைக்கும்.

கலிஃபோர்னியாவின் பலவீனம் தண்ணீர். நல்ல தண்ணீர் 30 லிட்டர், கழிவுநீர்த் தொட்டியும் அதே அளவு. நான்கு பேர் கால் மணலைக் கழுவினாலே பாதி போய்விடும். அதற்கென்று 5 லிட்டர் கேன் ஒன்றைப் பின்கதவருகே வையுங்கள். கழிப்பறை கிடையாது, எனவே ஊர்ப் பொதுக் கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதைப் பொறுத்துத்தான் திட்டமே. 42 லிட்டர் குளிர்பெட்டி ஒரு பகலுக்குத் தாராளம்.

பக்கவாட்டுச் சறுக்குக் கதவுதான் மணலின் முதல் பலி. கீழ்த்தடத்தில் மணல் சேர்ந்ததும் கதவு நறநறக்கும், பிறகு முழுதாகச் சாத்தாது. கிரீஸ் தடவினால் இன்னும் மோசம், மணல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தடத்தைப் பெருக்கித் தள்ளினால் போதும்.

கூரைத் துணி கடற்காற்றில் ஈரமாக இருக்கும்போது மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவசரத்துக்கு மடித்தாலும் அன்றே திறந்து உலர்த்துங்கள். கூரையை இறக்கும் முன் ஒரு கதவைத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று துணியை வெளியே தள்ளி, விளிம்பில் மாட்டவைத்துக் கிழித்துவிடும்.