கிண்டிலா காகிதமா: பொங்கோல் ரயிலில் இரண்டு வருடம் படித்துப் பார்த்தபின்

அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் பேப்பர்வைட் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வாங்கியதற்குக் காரணம் தொழில்நுட்ப மோகமெல்லாம் இல்லை, ஒரு நாவலின் இரண்டாம் பாகம்தான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகப் போகிற புத்தகக் கடையில் (பெயர் வேண்டாம், கடைக்காரர் நல்ல மனுஷன்) முதல் பாகத்தை வாங்கி, ஒரே வாரத்தில் முடித்துவிட்டு, அடுத்ததைக் கேட்டு மறுபடியும் போய் நின்றேன். "அடுத்த வாரம் கப்பல்ல வருது தம்பி" என்றார். அடுத்த வாரமும் அதே பதில். தீபாவளிக்கு முன்னாலும் அதே பதில், பொங்கல் முடிந்த பிறகும் அதே பதில். ஒருநாள் ராத்திரி பொறுக்க முடியாமல் கைபேசியில் தேடினால் அது மின்னூலாகக் கிடைக்கிறது, பணம் கட்டிய ஒரு நிமிஷத்தில் இறங்கியும் விட்டது. ஆனால் கைபேசியில் நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் கண் எரிய ஆரம்பித்தது. அப்படித்தான் இந்தக் கருவி வீட்டுக்கு வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதன் திரை கைபேசித் திரை மாதிரி கிடையாது. கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் நிரம்பிய மிக நுண்ணிய உறைகள் திரைக்குள் இருக்கின்றன, மின்சாரம் கொடுத்தால் துகள்கள் இடம் மாறி எழுத்தாக நிற்கும், நின்றபின் மின்சாரம் தேவையில்லை, பக்கம் புரட்டும்போதுதான் மறுபடி வேண்டும். அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. விளக்கும் ஓரத்திலிருந்து திரைமேல் படிகிறதே தவிர கண்ணுக்குள் அடிப்பதில்லை. ஈஸ்ட் கோஸ்ட்டில் மத்தியான வெயிலில் உட்கார்ந்து படித்திருக்கிறேன், காகிதம் மாதிரியேதான் இருந்தது. என்னிடம் இருப்பது 2021ல் வந்த மாடல், 6.8 அங்குலத் திரை, எடை 205 கிராம். நான் தினமும் பொங்கோலில் ஏறி ஹார்பர்ஃபிரண்ட் வரை போகிறவன், காலையில் செங்காங் தாண்டினாலே நிற்க இடம் இருக்காது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கருவி, கட்டைவிரலால் தட்டினால் பக்கம் புரளும். அறுநூறு பக்க நாவலை அந்தக் கூட்டத்தில் விரிக்க முயற்சி செய்து பாருங்கள், முன்னால் நிற்பவர் முதுகில்தான் விரிக்க வேண்டும்.

கிண்டில் பற்றிய விமர்சனங்களையெல்லாம் ஆங்கிலம் படிப்பவர்கள்தான் எழுதுகிறார்கள், அதனால் தமிழ் இதில் எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எழுத்து நன்றாகவே தெரிகிறது, கொம்பும் காலும் இடம் மாறாமல் சரியாக நிற்கின்றன. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும், 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' மாதிரி ஒன்று வந்துவிட்டால் அதற்கு மேல்வரி பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். வரிகளை இரண்டு பக்கமும் சமன் செய்யாமல் இடது பக்கமாக மட்டும் சேர்க்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை போய்விடும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

அப்புறம், தமிழ் நூல்கள் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. கிண்டில் கடையில் 2016 டிசம்பரில் தமிழ் வந்தது, இன்றைக்குப் புது நாவல், சிறுகதை எல்லாம் ஓரளவு இருக்கின்றன. பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது, 1998லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுப்பது, அதை அனுப்பிவைத்தால் கருவியில் படிக்கலாம். சிக்கல் வருவது பிடிஎஃபில்தான். நமக்குக் கிடைக்கிற பழைய தமிழ் மின்னூல்களில் பாதிக்கு மேல் பக்கத்தைப் படமெடுத்து வைத்ததுதான், எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். யூனிகோடுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் செய்த கோப்பு என்றால் கேட்கவே வேண்டாம், திறந்தால் வெறும் புள்ளியும் கோடும். ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம் என்று முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியதே நம்மூரில்தான், 1997ல், இங்கத்திய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்தியது. அவர் பட்ட பாட்டின் பலனைத்தான் நாம் இன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டு அனுபவிக்கிறோம்.

சிங்கப்பூர் எழுத்தாளர்களின் பழைய நூல்கள் வேண்டுமென்றால் கிண்டிலை மறந்துவிடுங்கள். 1965 முதல் 2015 வரை இங்கே வந்த தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350ஐ மின்வடிவாக்கி, பொன்விழா ஆண்டில் நாட்டுக்குக் கொடுத்தார்கள், தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் இருக்கின்றன. அச்சில் தேடினால் பலவற்றுக்கு ஒரு பிரதிகூடக் கிடைக்காது. அவற்றைக் கணினியிலோ பெரிய திரையிலோதான் படிக்க வசதி.

நூலகம் என்றதும் ஒரு எச்சரிக்கை. நம் நூலக மின்னூல்களை லிப்பி செயலியில் இரவல் வாங்கலாம், 21 நாள், தவணை முடிந்தால் தானாகவே திரும்பிவிடும், அபராதம் என்ற பேச்சே இல்லை. இதைக் கிண்டிலிலும் படிக்கலாம் என்று யூடியூபில் ஒருவர் சொன்னதையும் வாங்கும்போது நம்பியிருந்தேன். அது அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும். இங்கே நடக்காது. நூலகப் புத்தகங்களுக்காகவே கருவி வாங்குகிறவர்கள் கோபோ என்ற இன்னொரு மின்னூல் கருவியைப் பாருங்கள், அதில் ஓவர்டிரைவ் (லிப்பியை நடத்துகிற இரவல் சேவை) உள்ளேயே இருக்கிறது. ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டு ஒரு தமிழ் நூலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எழுத்து உடையாமல் வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, மின்னூலுக்கும் வரிசை உண்டு. ஒரு பிரதிக்கு ஒரு சமயத்தில் ஒரு வாசகர் என்று உரிமம் இருந்தால் அவர் முடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். காற்றில் இருக்கிற புத்தகத்துக்கு எதற்கு வரிசை என்று எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

காசுக் கணக்கு சுருக்கமாக. கருவிக்கு இருநூற்றுச் சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். இந்தியாவில் 400 ரூபாய் விலை போட்ட நாவல், அதாவது நம் காசுக்குச் சுமார் ஆறு வெள்ளி, இங்கே கடைக்கு வந்து சேரும்போது பதினான்கு, பதினைந்து வெள்ளி. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கப்பல் செலவு, வாடகை, 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாம் அதில் அடக்கம். மின்னூல் பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே. முப்பது புத்தகம் மின்னூலாகப் படித்தால் கருவியின் காசு வந்துவிடும், எனக்கு வந்துவிட்டது.

வராதது வேறொன்று. மின்னூலை நாம் வாங்குவதில்லை, படிக்க அனுமதிதான் வாங்குகிறோம். 2009ல் அமேசான், விற்ற நூல்கள் சிலவற்றை உரிமைச் சிக்கல் என்று வாசகர்களின் கருவிகளிலிருந்து தானே அழித்தது, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, ஆனாலும் வீடு புகுந்து அலமாரியிலிருந்து எடுத்துப்போன மாதிரிதானே? 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவை எல்லாமே போயின, அங்கேயும் காசு திரும்பி வந்தது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் என் அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் விஷயத்தை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துவிட்டார். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அச்சுப் புத்தகத்தில் பொடி எழுத்து சிரமமாக இருக்கிறதே என்று கருவியை அவரிடம் கொடுத்தேன். பெரிய எழுத்தில் இரண்டு நாவல் மளமளவென்று முடித்தார். மூன்றாவது நாள், "எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு, படிச்சு முடிச்சதைப் பக்கத்து புளோக் அக்காவுக்கு எப்படிக் குடுக்கிறது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் அந்த அக்காவும் இருபது வருடமாகப் புத்தகம் மாற்றிக்கொள்பவர்கள், புத்தகத்தோடு ஒரு டப்பா முறுக்கும் போகும், டப்பா திரும்பும்போது அதில் வேறு ஏதாவது இருக்கும். "பாதி வந்துட்டேனா இல்லையான்னே கைக்குத் தெரியல" என்பது அடுத்த புகார். கீழே 47 விழுக்காடு என்று போட்டிருக்கிறதே என்று காட்டினேன். அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

அம்மா சொன்ன அந்தக் 'கைக்குத் தெரியல' எனக்கும் உண்டு, ஆனால் நாவலில் இல்லை, கட்டுரை நூல்களில். வாதம் எங்கே ஆரம்பித்தது, அந்த அட்டவணை எந்தப் பக்கம் என்று திரும்பிப் போகும்போது கருவியில் தொலைந்துபோகிறேன். 2018ல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: தகவல் நூல்களில் காகிதத்தில் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரிகிறது, கதையில் வித்தியாசம் இல்லை. அதனால் நாவல் கருவியில், கட்டுரையும் கவிதையும் காகிதத்தில் என்று பிரித்துக்கொண்டேன். கவிதைக்குக் காரணம் வேறு, கருவி வரியை அதன் இஷ்டத்துக்கு மடக்கிவிடுகிறது, கவிஞர் மடக்கிய இடம் எது என்றே தெரியாமல் போகிறது.

காகிதத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் புத்தகம் வைத்திருப்பது நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா வைத்தாலும் இரண்டு வருடத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிடும், வெள்ளிப்பூச்சி அட்டையின் பசையைத் தின்னும். சென்ற வருடம் வாங்கிய ஒரு தொகுப்பு முதல்முறை விரித்ததுமே முதுகு பிளந்து பதினாறு பக்கம் கையோடு வந்தது, பசை போட்டவர் யாரோ! நாலறை வீட்டில் இடமும் இல்லை. பழைய பத்திரிகை எடுக்க வருகிற காராங்குனி மாமாவிடம் எடைக்குப் போட மனசு வராமல் மூன்று பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

ஆனால் நூல் வெளியீட்டுக்குப் போனால் கருவியை நீட்டிக் கையெழுத்து வாங்க முடியாது. உறையில் காசு வைத்துக் கொடுத்து, பிரதி வாங்கி, வரிசையில் நின்று, எழுத்தாளர் நம் பெயரைத் தப்பாக எழுதினாலும் சிரித்துக்கொண்டு வாங்கி வருவோமே, இங்கே எழுதுகிற தமிழ் எழுத்தாளருக்குப் பாதி விற்பனை அந்த அரங்கத்தில்தான் நடக்கிறது. உள்ளூர் ஆள் புத்தகம் போட்டால் நான் காகிதத்தில்தான் வாங்குவேன், படிக்கிறேனோ இல்லையோ.

போன மாதம் அந்தக் கடைக்காரர் போன் செய்தார், இரண்டாம் பாகம் வந்துவிட்டதாம். படித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. அலமாரியில் முதல் பாகம் மட்டும் ஒற்றையாக நிற்பதும் என்னவோ போல இருந்தது. வேலை முடிந்து லிட்டில் இந்தியாவில் இறங்கி, பதினைந்து வெள்ளி கொடுத்து வாங்கினேன். மூன்றாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் கப்பல்ல வருது தம்பி" என்றார்.