நிலா வெளிச்சத்தில் நடந்த முதியோர் பள்ளிகள்: கோரா வில்சன் ஸ்டூவர்ட்டின் நூல் பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சிய மலைப்பகுதியை ஒட்டிய ரோவன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர் கோரா வில்சன் ஸ்டூவர்ட். தம் பணியைப் பற்றி அவரே எழுதி, 1922-இல் நியூயார்க்கின் டட்டன் பதிப்பகம் வெளியிட்ட 'மூன்லைட் ஸ்கூல்ஸ்' என்ற நூல், காப்புரிமைக் காலம் முடிந்து, இப்போது இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இருநூறு பக்கத்துக்குள் அடங்கும் இதைத் தன்வரலாறு என்று எண்ணி எடுப்பவர் ஏமாந்துபோவார். ஓர் அலுவலர் தம் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்ன வேலையை இன்னபடி செய்தேன் என்று விவரிக்கும் நூல் இது. வெற்றியைப் பறைசாற்றும் பக்கங்களைவிட, வேலை நடந்த விதத்தைச் சொல்லும் பக்கங்களுக்காகவே இதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1875-இல் பிறந்த ஸ்டூவர்ட், ஆசிரியையாக இருந்து 1901-இல் கண்காணிப்பாளர் தேர்தலில் வென்றார். அந்தக் கவுண்டியில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. கென்டக்கியில் பெண்களுக்குப் பொதுவான வாக்குரிமை இல்லாத காலம் அது. போதாக்குறைக்கு, 1884 முதல் 1887 வரை இரண்டு குடும்பங்களின் பகையால் சுமார் இருபது பேர் மாண்டு, கவுண்டியையே கலைத்துவிடலாமா என்று மாநில அரசு யோசிக்கும் அளவுக்குப் பெயர் கெட்டிருந்த ஊர் அது. 1909-இல் மீண்டும் அதே பதவிக்குத் தேர்வான அவர், 1911-இல் கென்டக்கி கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார். வாசகர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு நூலுக்குள் போவது நல்லது. ஏனென்றால் தம்மைப் பற்றி ஆசிரியர் பேசுவது மிகவும் குறைவு.

முதியோருக்குப் பள்ளி நடத்தும் எண்ணம் தமக்கு எப்படி வந்தது என்பதை அவர் மூன்று மனிதர்களை வைத்துச் சொல்கிறார். முதலாமவர், சிகாகோவில் இருக்கும் மகளின் கடிதத்தைப் படித்துக் காட்டவும் பதில் எழுதித் தரவும் கேட்டுக் கண்காணிப்பாளரின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த தாய். நெடுநாள் வராமல் இருந்துவிட்டு ஒருநாள் கடிதத்தோடு வந்த அவரிடம், வழக்கம்போல் வாங்கிப் படிக்க ஸ்டூவர்ட் கை நீட்டுகிறார். இனி தாமே படித்துக்கொள்வதாகவும் தாமே பதில் எழுதப்போவதாகவும் அந்த அம்மாள் சொல்கிறார். ஓடையில் வெள்ளம் வந்தால் மகளின் சேதி தெரியாமல் தவிக்க வேண்டியிருந்ததால், எழுத்துக்கூட்டும் புத்தகம் ஒன்றை வாங்கி இரவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டாமவர், அலுவலக மேசையில் இருந்த புத்தகங்களைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கிய நடுத்தர வயதுக்காரர். எழுதப் படிக்கத் தெரிந்தால் ஆயுளில் இருபது ஆண்டுகளைக் கொடுத்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர், தாமே கட்டிய கதைப்பாடலைப் பள்ளி விழாவொன்றில் பாடிய இளைஞர். இதைவிட நல்ல பாடல்கள் நூற்றுக்கணக்கில் மனத்தில் தோன்றியும், எழுதி வைக்க ஆள் வருவதற்குள் மறந்துபோயின என்று அவர் சொல்லுமிடம், எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அழுத்தமாக எழுத்தறிவின்மையின் இழப்பைக் காட்டிவிடுகிறது. நூலில் மிகச் சிறப்பாக எழுதப்பட்ட பகுதி இதுதான்.

அடுத்துச் செயல் தொடங்குகிறது. பகலில் குழந்தைகள் படிக்கும் ஓராசிரியர் பள்ளிகளையே இரவில் பெரியவர்களுக்குத் திறப்பது, அதே ஆசிரியர்கள் சம்பளம் வாங்காமல் கற்பிப்பது, மலைப்பாதையில் பயமின்றி நடந்து வர நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில் மட்டும் வகுப்பு நடத்துவது என்பதுதான் ஏற்பாடு. 1911 செப்டம்பர் 4, தொழிலாளர் தின விடுமுறையன்று ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் அழைக்கிறார்கள். மறுநாள் இரவு, ஏறக்குறைய ஐம்பது பள்ளிகளிலுமாகச் சேர்த்து 150 பேர் வந்தாலே பெரிது என்று எதிர்பார்த்த இடத்தில், 18 வயது முதல் 86 வயது வரையிலான 1,200 பேர் வந்து நிற்கிறார்கள். பாலம் இல்லாத ஓடைகள், கரடுமுரடான வழி, பகலெல்லாம் உழைத்த அலுப்பு, இந்த வயதில் அரிச்சுவடியா என்ற கூச்சம் ஆகிய எல்லாத் தடைகளும் அவர்களுக்கு இருந்தன என்று பட்டியலிடும் ஆசிரியர், வந்தவர்களைப் புகழ்ந்து மாளாமல் அதே பாராட்டை இரண்டு மூன்று இடங்களில் திரும்பச் சொல்கிறார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என்னை அதிகம் கவர்ந்தது பாடப்பொருளைப் பற்றிய பகுதி. பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட தொடக்கப் பாடநூல் கைக்குக் கிடைக்காத நிலையில், குழந்தைகளின் அரிச்சுவடியை நரைத்த தலைகளிடம் கொடுக்க ஸ்டூவர்ட் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, 'ரோவன் கவுண்டி மெசஞ்சர்' என்ற சிறு வார இதழை அவரே நடத்தினார். முதல் பாடம், 'நாம் வெல்ல முடியுமா?' என்ற கேள்வியில் தொடங்கி, அதே சில சொற்களைத் திரும்பத் திரும்ப வரவைத்து, 'நாம் வெல்வதைப் பாருங்கள்' என்று முடிகிறது. தொடர்ந்து ஊர்ச் செய்திகள் வருகின்றன. அக்கம்பக்கத்தார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் வாசிப்பை இழுத்துச் செல்லும். கையில் செய்தித்தாளோடு போகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். எழுதுவதற்கு, எழுத்துகள் பள்ளமாகப் பதிக்கப்பட்ட மெத்தென்ற மை உறிஞ்சும் தாள் அட்டைகள் தரப்பட்டன. ஏர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அந்தப் பள்ளத்தின் வழியே பென்சிலை ஓட்டி ஓட்டித் தம் பெயரின் வடிவத்தைப் பழகிக்கொண்டன. கண்காணிப்பாளருக்குத் தம் கையால் ஒரு கடிதம் எழுதி அனுப்பியவருக்கு பைபிள் ஒன்று பரிசு. இவற்றோடு வரலாறு, குடிமையியல், சுகாதாரம், விவசாயம், நல்ல சாலைகளின் தேவை ஆகியவை பற்றிச் சிறு சிறு பயிற்சிகளும் இருந்தன. சாலை ஒரு பாடமாவது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். சேற்றில் வண்டி இறங்கும் ஊரில் அது வேடிக்கையில்லை.

1913-இல் எடுத்த கணக்கெடுப்பு இந்நூலின் இரண்டாவது பெரும் செல்வம். எழுத்தறியாதவர்களின் பெயரையும் வயதையும் மட்டும் குறித்துக்கொள்ளாமல், ஒவ்வொருவரின் குடும்பச் சூழல், மத நம்பிக்கை, அரசியல் சார்பு, விருப்பு வெறுப்பு, பலவீனம், ஆசிரியர் அழைத்தும் வராவிட்டால் யார் சொன்னால் கேட்பார் என்பது வரை பதிவு செய்திருக்கிறார்கள். இன்றைய நிர்வாகக் கண்ணுக்கு இது வியப்பளிக்கிறது. தனிமனித அந்தரங்கம் என்ற கோணத்தில் பார்த்தால் சற்றே அச்சமும் தருகிறது. ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்பது என்ற முழக்கம் ஊரெல்லாம் பரவ, மருத்துவர்கள் உடல் தேறிவரும் நோயாளிகளுக்கும், பாதிரியார்கள் சபையோருக்கும், பிள்ளைகள் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இறுதியில், எழுத்தறியாத 1,152 பேரில் 23 பேர் மட்டுமே கற்காமல் எஞ்சினார்கள் என்கிறார் ஸ்டூவர்ட். அந்த 23 பேருக்கும் அவர் கணக்கு வைத்திருக்கிறார்: பார்வையற்றோரும் பார்வை குன்றியோரும் ஆறு பேர், படுத்த படுக்கையாக இருந்தவர்கள் ஐந்து பேர், மனவளர்ச்சிக் குறைபாடோ வலிப்பு நோயோ உள்ளவர்கள் ஆறு பேர், வகுப்புகள் முடியும் தறுவாயில் குடிவந்தவர்கள் இருவர், எப்படிக் கெஞ்சியும் வர மறுத்தவர்கள் நால்வர்.

இங்கேதான் வாசகர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்த எண்கள் அனைத்தையும் தருபவர், திட்டத்தை நடத்தியவரே. கையெழுத்திட்டு ஒரு கடிதம் எழுதியவர் ஓராண்டு கழித்தும் படித்துக்கொண்டிருந்தாரா என்ற கேள்வியை நூல் எழுப்பவே இல்லை. 1914-இல் மாநில அரசு அமைத்த எழுத்தறிவின்மை ஒழிப்பு ஆணையத்துக்குத் தலைவராகி, 1920-க்குள் கென்டக்கியில் எழுத்தறியாதவரே இருக்கக் கூடாது என்று ஸ்டூவர்ட் இலக்கு வைத்தார். 1910 மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த எழுத்தறியாதோர் எண்ணிக்கை, 1920-இல் ஒன்றரை லட்சம் அளவுக்கு இறங்கியது. பத்தாண்டில் இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நூலின் வெற்றி முழக்கத்துக்கும் இதற்கும் இடையே தூரம் அதிகம். ஆணையமும் 1920-இல் முடிவுக்கு வந்துவிட்டது.

இன்னொரு குறை, மலைவாழ் மக்களைத் தூய ஆங்கிலோ-சாக்சன் (ஆங்கிலேய வம்சாவளி) குருதி என்று அவர் போற்றும் இடங்கள். படிப்பறியாத மலைமக்கள் என்ற ஏளனத்துக்குப் பதில் சொல்ல எழுந்த பெருமிதம் அது என்பது புரிந்தாலும், கல்வி பெறும் உரிமைக்கு வம்சத்தைச் சான்று காட்டத் தேவையே இல்லை. உலகப்போர்க் காலத்தில் படைக்குப் போகும் இளைஞர்களுக்குக் கற்பித்ததை விவரிக்கும் பகுதியிலும் பிரசாரத் தொனி மேலோங்கிவிடுகிறது. மகப்பேறுக்குப் பின் விரைவிலேயே இழந்த ஒரே மகனைப் பற்றியோ, முறிந்த திருமணங்களைப் பற்றியோ நூல் பேசவில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவர் ஹூவர் காலத்துத் தேசியக் குழுவில் பணியாற்றி, கிளாகோமா என்ற கண் நோயால் பார்வை இழந்து, 1958-இல் வட கரோலினாவில் காலமானவரின் முழு வாழ்க்கையை அறிய வேறு நூல்களைத்தான் நாட வேண்டும்.

பதிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். பக்கங்களை அப்படியே படம் பிடித்த பிடிஎஃப் கோப்பையே தரவிறக்கிக்கொள்ளுங்கள். இயந்திரம் எழுத்தாக மாற்றிய மின்னூல் வடிவில், மலைநாட்டுப் பேச்சு வழக்கில் அமைந்த உரையாடல்கள் சிதைந்துபோகும் வாய்ப்பு அதிகம். பணம் கொடுத்து மறுபதிப்பு வாங்குவதாக இருந்தால், மூலப் பக்கங்களின் நகலா, புதிதாக அச்சுக்கோத்ததா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. கற்பித்தல் முறையில் மட்டும் ஆர்வம் உள்ளவர்கள், அவரே முதியோருக்காக எழுதி 1915 முதல் வெளிவந்த 'கன்ட்ரி லைஃப் ரீடர்ஸ்' பாடநூல்களின் முதல் பகுதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், வார இதழில் சோதித்துப் பார்த்தது புத்தகமானபோது என்ன வடிவம் எடுத்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.