உயிருள்ள பாக்டீரியாவா, சூட்டில் கொன்றதா? குடலுக்கு எது வாங்கலாம்

எனக்கு ஐபிஎஸ் (IBS) என்ற எரிச்சல் குடல் தொல்லை உண்டு. வயிற்று உப்புசம், நேரங்கெட்ட நேரத்தில் கழிப்பறைக்கு ஓட்டம். புரோபயாடிக் காப்ஸ்யூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் இப்போது போஸ்ட்பயாடிக்குக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

புரோபயாடிக் என்பது உயிருள்ள நல்ல பாக்டீரியா, தெரிந்ததுதான். அதையே சூடாக்கிக் கொன்று, அந்த உடலையும் அதன் செல் சுவர், புரதங்களையும் மருந்தாக்கினால் போஸ்ட்பயாடிக். ஐஎஸ்ஏபிபி என்ற அறிவியல் சங்கம் 2021-இல் வகுத்த வரையறை இது. பியூட்டிரேட் போல பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தால் அது இந்தக் கணக்கில் வராது.

செத்த பாக்டீரியா என்ன செய்துவிடும்? நானும் இப்படித்தான் கேட்டேன். குடல் சுவரில் ஒட்டவும் எதிர்ப்பு செல்களைத் தூண்டவும் அதன் மேற்பரப்பிலுள்ள பொருள்களே பல நேரம் போதும். பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடம் வகையில் எம்ஐஎம்பிபி75 என்ற ரகத்தைச் சூட்டில் கொன்று, ஜெர்மனியில் 443 ஐபிஎஸ் நோயாளிகளிடம் 8 வாரம் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவுப்படி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்குப் பலன். வெற்று மாத்திரையில் 19. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வித்தியாசம் இருக்கிறது. இதே ரகம் உயிரோடும் 2011-இல் பலன் காட்டியது. இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் நடந்த ஆய்வு என்பதால் எண்களைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது.

என்னை மாற வைத்தது வேறு விஷயம்: பத்திரப்படுத்துவது. உயிருள்ள காப்ஸ்யூலில் இத்தனை கோடி என்று போட்டிருப்பது பல நேரம் தயாரித்த அன்றைய கணக்கு. வெப்பமும் ஈரமும் பட்டால் அது இறங்கிக்கொண்டே போகும். கிடங்கு, வண்டி, மருந்துக்கடை அலமாரி என்று சித்திரை வெயிலில் அது எத்தனை இடம் மாறி வருகிறது! வீட்டுக்கு வந்த பிறகு ஃபிரிட்ஜில் வைக்கலாம், கரண்ட் போகாத வரைக்கும். வெளியூர் போனால் பையில் வைத்தே பாதி செத்துவிடும். அப்புறம் நாம் விழுங்குவது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே கொன்றதில் இந்தக் கவலை இல்லை. எண்ணிக்கை குறைய அதில் உயிரே கிடையாதே.

பேசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளுக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அவை விதை போல உறைந்திருக்கும், வெப்பத்தைத் தாங்கும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் எழுதிக்கொடுக்கும் சின்னக் குப்பி மருந்து அந்த ரகம்தான்.

நேர் எதிரில் இருப்பது அக்கர்மான்சியா. காற்று ஒத்துக்கொள்ளாத குடல் பாக்டீரியா. 2019-இல் பெல்ஜியத்தில், அதிக எடையும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்களிடம் சோதித்தபோது, உயிரோடு கொடுத்ததைவிட சூடாக்கிக் கொடுத்ததில்தான் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. ஆய்வை முடித்தவர்கள் 32 பேர்தான், ஆகவே சர்க்கரைக்கு இதை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள்.

தயிர், பழைய சோறு? தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் எந்த ரகம், எவ்வளவு என்ற கணக்கு அதில் கிடையாது.

உயிருள்ளதே மேல் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று: ஆன்டிபயாடிக்கோடு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட். அது பூஞ்சை இனம், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது. எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு உயிருள்ள எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது; அபூர்வமாக ரத்தத்தில் தொற்றாகியிருக்கிறது.

என் வயிறு இப்போது பரவாயில்லை. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, காபியைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாங்குவதானால் லேபிளில் எம்ஐஎம்பிபி75 போல ரகத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'லாக்டோபேசில்லஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை.