அகன்ற வாய் ஐபேடும் 140 படங்களும்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் படைப்பு (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு) முடிந்த மாலை, முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தா தன் ஐபேடை நீட்டினார். "எல்லாப் படத்தையும் இதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போ, ராசா." மொத்தம் 140 படங்கள், ஒரு வீடியோ. சித்தப்பா மகன் தன் ஐஃபோனில் ஏர்டிராப்பைத் திறந்தான்; ஆப்பிள் கருவிகளுக்குள் கம்பியில்லாமல் படம் அனுப்பும் வசதி அது. வளவில் (உள் முற்றத்தில்) இருந்த நாலு ஐஃபோன்களின் பெயரும் வரிசையாக வந்தன. ஐபேட் மட்டும் வரவில்லை. அணைத்துப் போட்டோம், புளூடூத்தை மாற்றி மாற்றித் தட்டினோம். அரை மணி நேரம் போன பிறகுதான், வரவே வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம் என்பது உறைத்தது.

ஐபேடுக்கு ஏர்டிராப் வந்தது 2013-இல், ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 உடன். அந்த ஐஓஎஸ் ஏறிய எல்லா ஐபேடுக்கும் அது கிடைக்கவில்லை என்பதில்தான் குழப்பமே. 2011-இல் வந்த ஐபேட் 2, 2012 மார்ச்சில் வந்த மூன்றாம் தலைமுறை ஆகிய இரண்டும் ஐஓஎஸ் 9 வரை ஏறின. ஏர்டிராப் கடைசி வரை இல்லை. அதே 2012 முடிவதற்குள் வந்த நான்காம் தலைமுறைக்கு உண்டு. மூன்றையும் நான்கையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். சார்ஜ் போடும் இடத்தைப் பாருங்கள்: 30 முனை கொண்ட அகன்ற வாய் என்றால் ஏர்டிராப் இல்லை, சிறிய லைட்னிங் வாய் என்றால் உண்டு. அப்பத்தாவுடையது அகன்ற வாய், ஐபேட் 2.

வீட்டில் இன்னொரு கிழமும் இருந்தது: பிள்ளைகள் படம் பார்க்கும் ஆண்ட்ராய்டு 4.4 டேப்லெட். 2020-இல் 'நியர்பை ஷேர்' என்று வந்து 2024-இல் 'குவிக் ஷேர்' என்று பெயர் மாறிய, ஏர்டிராப் போன்ற ஆண்ட்ராய்டு வசதிக்குக் குறைந்தது ஆண்ட்ராய்டு 6 வேண்டும். ஒரு காலத்தில் எல்லார் கையிலும் இருந்த கோப்பு அனுப்பும் செயலிகளான ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அடக்கம். ஆக, இரண்டு கிழங்களுக்கும் 'பகிர்' பொத்தான் வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருக்கும் வழிகளை அன்றிரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் எல்லாரும் சொல்வது புளூடூத். ஐபேடுக்கு இது ஆகாது. புளூடூத்தில் கோப்பு வாங்குகிற பழக்கமே அதற்குக் கிடையாது. ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கிக்கொள்ளும், ஆனால் வேகத்தைப் பாருங்கள். ஏட்டில் விநாடிக்கு 3 மெகாபிட், கைக்கு வருவது 2-ஐ ஒட்டி. படம் ஒன்று 4 எம்பி என்றால் 140 படம் 560 எம்பி. ஒருமுறைகூட அறுபடாமல் போனாலே முக்கால் மணி நேரத்தை நெருங்கும். ஐந்து படம் அனுப்ப நல்லது. அதற்கு மேல் வேண்டாம்.

வைஃபை வழி வேறு ரகம். பழைய டேப்லெட்டில் புதிய செயலி ஏறாவிட்டாலும் பிரவுசர் இருக்கிறது அல்லவா, அது போதும். படங்களை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டேன். பைத்தான் என்ற நிரல்மொழி அதில் இருந்தால் ஒரே வரிக் கட்டளையில் அந்த ஃபோல்டர் வலைப்பக்கமாகத் திறந்துகொள்ளும். டேப்லெட் பிரவுசரில் 192.168 என்று தொடங்கும் லேப்டாப்பின் ஐபி முகவரி எண்ணையும் வாலில் :8000 என்பதையும் தட்டினால் பட்டியல் வரும். பல இணையதளங்கள் பழைய டேப்லெட்டில் 'சான்றிதழ் சரியில்லை' என்று மறுக்கும். இந்த வீட்டுக்குள் முகவரி சான்றிதழ் கேட்காத சாதாரண எச்டிடிபி என்பதால் அந்தத் தொல்லை இல்லை. விநாடிக்கு 20 மெகாபிட் கிடைத்தாலே 560 எம்பி நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வீட்டு வைஃபையை நம்பாதீர்கள். எங்கள் ரூட்டர் முகப்பில் இருக்கிறது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிய அந்தக் காலத்துச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு வருவதற்குள் சிக்னல் மூச்சை விட்டுவிடுகிறது. ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றின் ஹாட்ஸ்பாட்டைப் பக்கத்திலேயே வைத்து, லேப்டாப்பையும் டேப்லெட்டையும் அதில் இணையுங்கள். அதன் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும், கடவுச்சொல் பாதுகாப்பை டபிள்யூபிஏ2-வுக்கும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் மலிவான பழைய டேப்லெட்டின் கண்ணுக்கே அது படாமல் போகலாம். மொபைல் டேட்டாவை அணைத்தாலும் கோப்பு போகும், ஒரு எம்பிகூடச் செலவாகாது.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு இதுதான் என் தேர்வு. 140 படங்களையும் ஒரே ஜிப்பாகக் கட்டினேன். டேப்லெட்டில் ஏற்கெனவே இருந்த கோப்பு மேலாளர் அதைப் பிரித்துக்கொண்டது.

ஐபேடில் இதே வழி பாதிக் கிணறுதான். ஐஓஎஸ் 9 சஃபாரிக்குக் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளத் தெரியாது. படத்தைத் திறந்து, விரலை அழுத்திப் பிடித்து, ஒன்றொன்றாகச் சேமிக்க வேண்டும். பதினாறாவது படத்தில் கை வலித்தது, விட்டுவிட்டேன். வீடியோவுக்கு மட்டும் வைஃபை கைகொடுத்தது: ஐபேடில் முன்பே இருந்த விஎல்சி என்ற வீடியோ செயலியில் வைஃபை பகிர்வை இயக்கினால், அது காட்டும் முகவரியை லேப்டாப்பில் திறந்து கோப்பை இழுத்துப் போடலாம்.

படங்களைக் கடைசியில் ஏற்றியது பெட்டகத்தின் அடியில் கிடந்த பழைய கார்டு ரீடர். அகன்ற வாய் ஐபேடுக்கென்று ஆப்பிள் விற்ற கேமரா இணைப்பான். எஸ்டி கார்டைச் செருகினால் படங்கள் தானே வரிசையாக வரும். வயர்லெஸ் இல்லைதான், ஆனால் இவற்றில் சிடுக்கு குறைந்தது இதுவே. முதலில் ஒரு படமும் தெரியவில்லை. கேமரா எழுதியதுபோல டிசிஐஎம் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், கோப்பின் பெயர் சரியாக எட்டு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் கண்டிப்பு. ஃபோன் தேதியும் நேரமும் சேர்த்து நீளப் பெயர் வைத்திருந்தது. நாலு எழுத்து, நாலு எண் என்று மாற்றியதும் ஒரே தட்டில் எல்லாம் இறங்கின.

எல்லாம் என்று சொல்லக்கூடாது. சித்தப்பா மகன் எடுத்தவை எச்இஐசி வடிவில் இருந்தன. 2017-இல் ஐஓஎஸ் 11 உடன் ஐஃபோனுக்கு வந்த பட வடிவம் அது, ஐஓஎஸ் 9-க்குப் படிக்கத் தெரியாது. அவற்றை ஜேபெக் ஆக்கி மறுபடி கார்டில் போட்டேன். அப்பத்தா முதலில் தேடியது அதில்தான் இருந்தது: படைப்பு வீட்டு வாசலில் அவரும் அவருடைய தங்கையும், இருவரும் கண்டாங்கிச் சேலையில்.