மந்திரவாதியை அடக்க: காவலா, சபையா?

கற்பனை உலகம் படைப்பவர்கள் மந்திரவாதிகளை அடக்க உடனே ஓர் அரசனைத் தேடுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் பழைய வழக்கங்களிலேயே இரண்டு வழிகள் உண்டு.

உங்கள் உலகில் கரிசல் நிலத்து மக்கள் இருந்தால், அவர்களுக்குப் பாளையக்காரர் காலத்துக் காவல் முறை பொருந்தும். காவல்காரர் ஊரிடம் கூலி வாங்குவார். களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும், இல்லையேல் ஈடு கட்டவேண்டும். மழை வரவழைப்பவனுக்கு இதை வையுங்கள்: பருத்தி வெடித்த நேரத்தில் பெய்து பஞ்சு கெட்டால் அவன் குலமே நஷ்டம் கொடுக்கும். அவன் நல்லவனா என்று யாரும் கேட்பதில்லை; விளைந்ததற்குப் பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆபத்தும் உண்டு. கூலி தராத ஊரில் காவல்காரரே களவு செய்வித்த கதைகள் நம் சீமையில் ஏராளம். அந்த மந்திரவாதியும் வெள்ளத்தை ஏவுவான்.

தாமிரபரணிக் கரை போன்ற நெல் நாட்டுக்குச் சபை, அதாவது ஊர் நிர்வாகத்தைக் கவனித்த கூட்டம், பொருந்தும். ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சேர்ந்த மானூர்க் கல்வெட்டு, சபையில் பங்கேற்க நிலம், தர்ம அறிவு, நல்லொழுக்கம் கேட்கிறது. எதற்கெடுத்தாலும் மறுத்து முட்டுக்கட்டை போட்டவருக்கு 5 காசு தண்டம். இதை மந்திரவாதிகளுக்கு வைத்தால், மந்திரம் ஓதுமுன்பே தகுதி பார்க்கும் ஏற்பாடு. ஆனால் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வரம் வாய்த்தால்? அதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் தேர்வு காவல்தான். ஈட்டுத் தொகையை மட்டும் முன்கூட்டியே ஊர்ப் பொதுவில் கட்டவைக்க வேண்டும்.