குன்னூரில் கவிதை அச்சடிக்க ஒரு ஜெராக்ஸ் கடை

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்கு ஏறும் வழியில் இருக்கிறது இந்தக் கடை. வெளியே நின்று பார்த்தால் ஆதார் நகல், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன் என்று எழுதிப்போட்ட சாதாரண ஜெராக்ஸ் கடைதான். நீலகிரியில் கவிதை எழுதிக்கொண்டு, அதை எப்படி நாலு பேரிடம் கொண்டுபோவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் அங்கே அச்சடிப்பது புத்தகம் இல்லை, ஒரே ஒரு ஏ3 தாள். மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சிற்றிதழ் ஆகிவிடும். தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சானால் போதும். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், பசை வேண்டாம். ஆனால் எட்டில் நாலு பக்கம் தலைகீழாக அடுக்க வேண்டும். வேறு கடைகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எழுதிய ஆசையே போய்விடும். இங்கே கடைக்கார அண்ணா ஒரு கழிவுத் தாளை எடுத்து மடித்து, பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு, திரும்ப விரித்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துப் பிரச்சினை எல்லாருக்கும் தெரிந்ததுதான். போனில் அடித்ததை, பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு மாற்றும்போது ஏதாவது ஒரு கொம்பு தன் எழுத்தை விட்டுத் தனியாக நிற்கும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக விழும். இங்கே டைப் செய்யும் பெண் மாற்றி முடித்ததும் தாளில் ஒரு படி எடுத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி வாய்விட்டுப் படிக்கிறாள். கவிதையில் ஒரு எழுத்துப் போனால் வரியே போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிடித்துவிட்டால் தாள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மெஷினில் சுருண்டு மாட்டும், எழுத்தும் வெளிறி விழும். அண்ணா தாள் கட்டுகளைப் பிரிக்காமல் மர அலமாரிக்குள் அடுக்கி, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருக்கிறார். தேவைக்குத் தேவை பிரிக்கிறார். அந்த மழையிலும் என் தாளில் மை கறுப்பாக விழுந்தது.

எனக்கு அந்த இரண்டு மாதம்தான் முக்கியம். கவிதை வருவது அப்போதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து உலை வைக்கும்போது ஒரு வரி வந்து நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டால் ராத்திரிக்குள் மீதியும் வந்துவிடும். பங்குனி, சித்திரையில் ஒன்றும் வராது. மனசு எதிலும் ஒட்டாமல் கிடக்கும், பிள்ளைகள் கேள்வி கேட்டால்கூட எரிச்சலாக இருக்கும். இப்படி வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் எழுத வருகிற என்னிடம்தான், என் கவிதைத் தொகுப்பு வந்த வருஷம், ஒரு விளம்பர நிறுவனத்தார் “தினம் ஒரு வீடியோ போடணும் மேடம், விட்டா மறந்துடுவாங்க” என்றார்கள். காசும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் போட்ட வீடியோவில் கவிதையின் கடைசி இரண்டு வரியே இல்லை. கேட்டதற்கு, முப்பது செகண்டுக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பதில்.

கவிஞர் தன் எழுத்தைத் தானே கூவி விற்பதை நான் குறையாக நினைக்கவில்லை. பாரதியே 1920-இல் தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி போடப் பணம் கேட்டு அறிக்கை விட்டவர். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக அவை விலைபோகும் என்று நம்பினார். சங்கப் புலவர்களும் பரிசில் தேடி நடந்தவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவரான பெருஞ்சித்திரனார் அதியமான் என்ற அரசனிடம் போனபோது, அவன் நேரில் காணாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். குன்றும் மலையும் கடந்து வந்தவர், ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று மறுத்துவிட்டார். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு. தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்கிறார். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று அந்த நிறுவனம் அனுப்பிய கணக்கை நான் பார்த்தபோது இந்தப் பாட்டுதான் மனசில் ஓடியது. காணாமல் ஈத்த பொருள் அது.

ஜெராக்ஸ் கடை அண்ணா படித்துவிட்டுத்தான் அச்சடிக்கிறார். தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு அம்மா நிற்பதைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தேன். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மிச்சம் என்ன என்று அவள் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் படித்தவர் மெஷினை நிறுத்திவிட்டு, “டீச்சர், எங்கம்மா இப்படித்தான் நிப்பாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இந்தக் கடைசி வரிய அடுத்த பக்கத்துக்குத் தள்ளட்டுமா? திருப்புறப்ப ஒரு நிமிஷம் நிப்பாங்கல்ல” என்று கேட்டார். தள்ளினோம். அதுதான் சரி. இதுவரை எந்தப் பதிப்பாளரும் என்னிடம் இப்படி ஒரு யோசனை சொன்னதில்லை.

மேஜை மேல் கொஞ்சம் பிரதிகளை அவராகவே வைத்துக்கொள்கிறார். நகலுக்குக் காத்திருப்பவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள். ஒரு ஆட்டோக்காரர் அடுத்த தாள் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனாராம். எனக்கு இந்த விளம்பரம் போதும்.

குறைகளும் உண்டு. கலர் பிரிண்ட் மங்கல்தான், அட்டைப்படம் வேண்டுமானால் கோவைக்குப் போய்விடுங்கள். கரன்ட் போனால் வேலை நின்றுவிடும். ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் சான்றிதழ் நகல் கூட்டம் நெரியும், அப்போது போகாதீர்கள். எனக்குத் தாளுக்கு ஆறு ரூபாய் ஆனது, மடிப்பதும் வெட்டுவதும் நம் வேலை. கவிதையை பிடிஎஃப் ஆக மட்டும் கொண்டுபோகாமல், காப்பி செய்யக்கூடிய டைப் செய்த எழுத்தாகவும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெண் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.